பச்சைச் சுவரும் நீல இலக்கமும்

ஒரு தேசத்து ஜனங்களின் மனப்போக்கை அறிய விரும்புகிறவன் அவர்களுடைய சட்டசபைக்குப் போகவேண்டும் என்று சிலர் சொல்வதுண்டு. சந்தைக்குப் போனாலே போதும் என்பார் வேறு சிலர். அமெரிக்காவில் பாஸ்டன் மாநகரில் நாம் தங்கியிருந்தது நாலே நாள். சட்டசபையைத் தூரத்திலிருந்து பார்த்தோம். பொன் தகடு போர்த்த அதன் கும்மட்டம் வெயிலில் ஜொலித்தது. சந்தைக்குள்ளும் நுழைந்தோம், விலையைக் கேட்டவுடன் வந்த வழியே திரும்பினோம். மூன்றாம் நாள் மாலை பேஸ்பால் ஆட்டம் பார்க்கச் சென்றோம். நேயர்களிடம் சொல்லத் தக்க விஷயம் அந்த மாலைப் பொழுதில்தான் நமக்குக் கிடைத்தது.

நம்மை அழைத்துச் சென்றவன் நம்மிடம் முன்பு வாசித்த மாணாக்கன். வகுப்பில் கடைசிப் பெஞ்சியில் அமர்ந்து, பூகோளப் பாடம் நடக்கும்போது ஜன்னல் வழியே கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தவன். இப்போது பூகோளத்தின் மறுபுறத்தில் நல்ல உத்தியோகத்தில் இருக்கிறான். "இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஃபென்வே பார்க்கைப் பார்க்காமல் போகலாமா, ஸார்?" என்றான். தஞ்சாவூருக்கு வந்தவரிடம் பெரிய கோவிலைப் பற்றிப் பேசுகிறவனுடைய பக்தி அவன் குரலில் இருந்தது. மறுக்க மனம் வரவில்லை.

பாஸ்டன் என்றதும் சரித்திரம் படித்த எவருக்கும் தேயிலை ஞாபகம் வரும். 1773-ம் வருஷம் டிசம்பர் மாதத்தில், நம்மையும் ஆட்டிப் படைத்த அதே கிழக்கிந்தியக் கம்பெனியாரின் தேயிலைப் பெட்டிகள் 300-க்கும் மேற்பட்டவற்றை இவ்வூரார் துறைமுகத்து நீரில் கொட்டினார்கள். இங்கிலீஷ்காரரின் தேயிலையைக் கொட்டியவர்கள் அவர்களுடைய கிரிக்கெட்டையும் நாளடைவில் கைவிட்டார்கள். பேஸ்பால் எங்கள் மண்ணிலேயே முளைத்த விளையாட்டு என்று நிலைநாட்ட ஒரு கமிட்டி கூட ஏற்பட்டது. 1839-ம் வருஷம் கூப்பர்ஸ்டவுன் என்னும் சிற்றூரில் ஆப்னர் டபிள்டே என்பவர் அதைக் கண்டுபிடித்தார் என்று அந்தக் கமிட்டி 1907-ல் தீர்ப்புச் சொல்லிற்று. அது வெறுங்கதை என்றும், இங்கிலாந்துப் பிள்ளைகள் ஆடிவந்த மட்டைப்பந்து ஆட்டங்களே அதற்கு மூலம் என்றும் பிற்காலத்துச் சரித்திர ஆசிரியர்கள் காட்டிவிட்டார்கள். தேசாபிமானம் சில சமயங்களில் பொய்யையும் கைக்குழந்தையாக எடுத்து வளர்க்கும் போலிருக்கிறது! இந்தக் குணம் அமெரிக்கருக்கு மட்டுமே உரியது என்று சொல்ல நமக்குத் தைரியமில்லை.

கென்மோர் என்னும் சுரங்க ரயில் நிலையத்தில் இறங்கி, சிவப்புச் சட்டை அணிந்த ஜனப் பிரவாகத்தோடு நாமும் மிதந்து சென்றோம். உள்ளூர்க் கோஷ்டியின் பெயர் ரெட் ஸாக்ஸ். அதாவது 'சிவப்பு மேஜோடு'. புலி என்றும் கழுகு என்றும் வீரப் பெயர் சூட்டிக்கொள்வதை விட்டு, காலில் மாட்டும் மேஜோட்டின் பெயரால் தங்களை அழைத்துக்கொள்ளும் இவர்களுடைய அடக்கத்தை மெச்சினோம். வாசலில் மாணாக்கன் கைப்பேசியைக் காட்ட, கதவு திறந்தது. வழியெல்லாம் மாமிச வாசனை. சாகபட்சணிக்கு இவ்விடத்தில் கதியில்லை என்று நினைத்த தருணத்தில், "வேர்க்கடலை! வேர்க்கடலை!" என்று ஒருவன் கூவிக்கொண்டு வந்தான். தோலோடு வறுத்த கடலை. சொந்த ஊர்த் திருவிழாவில் உறவினரைக் கண்டாற்போல் இருந்தது.

ஃபென்வே பார்க் 1912-ம் வருஷம் ஏப்ரல் 20-ந் தேதி திறக்கப்பட்டது. டைட்டானிக் கப்பல் மூழ்கி அன்றைக்கு ஐந்தே நாள் ஆகியிருந்தது. அமெரிக்காவின் பெரிய பேஸ்பால் மைதானங்களில் இதுவே மிகப் பழையது. ஏறக்குறைய 37,000 பேர் அமரலாம். நகரத்தின் தெருக்கள் முன்பே அமைந்துவிட்டபடியால், தெரு வளைந்த இடத்தில் மைதானமும் வளைந்திருக்கிறது. கூரையைத் தாங்கும் இரும்புத் தூண்கள் சில ஆசனங்களுக்கு நேர் எதிரே நிற்கின்றன. அங்கே அமர்பவர் ஆட்டத்தில் பாதியும் தூணில் பாதியுமாகப் பார்க்கவேண்டியதுதான். இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்ற யோசனை ஒரு காலத்தில் எழுந்தபோது, ஊரார் சம்மதிக்கவில்லை.

நம்முடைய இடம் மூன்றாவது 'பேஸு'க்குப் பின்புறம் இருந்தது. இடது கைப்பக்கம் திரும்பினால், 37 அடி உயரமுள்ள பச்சைச் சுவர் கோட்டை மதில்போல் எழுந்து நிற்கிறது. தெரு நெருக்கத்தால் அந்தப் பக்கத்தில் மைதானத்தின் நீளம் 310 அடியோடு முடிந்துவிடுகிறது. ஆகவே தூரத்தில் குறைந்ததை உயரத்தில் ஈடு செய்திருக்கிறார்கள். முன்பு அதில் விளம்பரங்கள் நிறைந்திருந்தன. 1947-ல்தான் முழுவதும் பச்சை வர்ணம் பூசினார்கள். 'பச்சைப் பூதம்' என்பது ஜனங்கள் அதற்கு இட்ட பெயர்.

ஆட்டத்தைப் பற்றி இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு 9 பேர், 9 இன்னிங்ஸ். பந்து எறிபவர் 60 அடி 6 அங்குல தூரத்திலிருந்து, தரையில் படாமல், அடிப்பவரை நோக்கி எறிகிறார். 90 அடிக்கு ஒன்றாகச் சதுரத்தின் மூலைகளில் 'பேஸு'கள். பந்தை அடித்தவர் மட்டையைப் போட்டுவிட்டு ஓடி, மூன்று மூலைகளையும் தொட்டு, புறப்பட்ட இடத்துக்கே திரும்பினால் ஒரு ரன். அந்த இடத்துக்கு 'ஹோம்', அதாவது வீடு, என்று பெயர். வீட்டை விட்டுப் புறப்பட்டு வீடு வந்து சேர்வதற்கு இத்தனை பாடு! பத்துத் தடவையில் மூன்று தடவை சரியாக அடிப்பவர் சிறந்த ஆட்டக்காரராகக் கருதப்படுகிறார். நூற்றுக்கு 35 மார்க் வாங்காதவனைத் தேறவிடாத நமக்கு இது வியப்பாக இருந்தது. இந்த ரெட் ஸாக்ஸ் கோஷ்டியைச் சேர்ந்த டெட் வில்லியம்ஸ் 1941-ம் வருஷத்தில் ஆயிரத்துக்கு 406 என்ற விகிதத்தில் அடித்தார். அமெரிக்கன், நாஷனல் என்னும் இரண்டு பெரிய லீக்குகளிலும் அதற்குப் பின் எவரும் நானூறை எட்டியதில்லை.

தேசிய கீதம் முடிந்து ஆட்டம் ஆரம்பமாயிற்று. நம் கண் பச்சைச் சுவரின் அடியிலிருந்த ஸ்கோர்ப் பலகையின்மேல் சென்றது. மின்சாரத் திரைகள் நாலா பக்கமும் பளிச்சிடும் இந்நாளிலும், அந்தப் பலகையைச் சுவருக்குள்ளிருந்து மனிதர்களே நடத்துகிறார்கள். இலக்கம் எழுதிய தகடுகளைக் கையால் மாட்டுகிறார்கள், கையால் கழற்றுகிறார்கள். கரும்பலகையோடு வாழ்நாளைக் கழிக்கும் நமக்கு அந்தக் காட்சி இதமாக இருந்தது.

பலகையின் கடைசியில் மூன்று பத்திகள் இருந்தன. முதலாவது ரன், இரண்டாவது அடித்த அடிகள். மூன்றாவதன் தலைப்பில் 'ஈ' என்ற ஒற்றை இங்கிலீஷ் எழுத்து.

"அது என்ன?" என்று கேட்டோம்.

"எர்ரர், ஸார். பிழை. பிடிக்கவேண்டிய பந்தை நழுவவிட்டாலோ, தப்பான இடத்துக்கு எறிந்தாலோ அதையும் எண்ணிப் பலகையில் போட்டுவிடுவார்கள்."

நாம் நிமிர்ந்து உட்கார்ந்தோம். கிரிக்கெட்டில் எத்தனை பந்து கைநழுவினாலும் பலகை அதைச் சொல்வதில்லை. இங்கே சொந்த ஊர்க் கோஷ்டியின் பிழையைச் சொந்த ஊரார் 37,000 பேர் முன்னிலையில், தங்கள் கையாலேயே மாட்டிவைக்கிறார்கள்.

"இன்னொன்றும் பாருங்கள், ஸார். பலகையின் வெள்ளைக் கோடுகளில் புள்ளியும் கோடுமாகத் தெரிகிறதல்லவா? தந்திக் குறிப்பு."

உற்றுப் பார்த்தோம். தந்தி ஆபீசுகளில் ஒரு காலத்தில் கட்டுக்கட என்று ஒலித்த மோர்ஸ் சங்கேதமேதான். தாமஸ் யாக்கி, அவருடைய மனைவி ஜீன் யாக்கி ஆகிய இருவரின் பெயர்களுடைய முதலெழுத்துக்கள் அவை. தாமஸ் யாக்கி 1933 முதல் 1976-ல் காலமாகும் வரையில் இக்கோஷ்டியின் சொந்தக்காரர். மைதானத்தின் வாசல் தெருவுக்கு அவருடைய பெயரை இட்டிருந்தார்கள். 2018-ல் கோஷ்டியின் உரிமையாளர்களே கேட்டுக்கொண்டதன்பேரில் அந்தப் பெயரை நீக்கி, ஜெர்ஸி தெரு என்ற பழைய பெயரையே திரும்ப வைத்தார்கள்.

"ஏன் நீக்கினார்கள்?" என்று நாம் கேட்டதற்கு மாணாக்கன் பதில் சொல்வதற்குள், பக்கத்து ஆசனத்திலிருந்து அதே விஷயம் வேறு வழியாக வந்து சேர்ந்தது.

அங்கே எழுபத்தைந்து வயது மதிக்கத்தக்க ஒரு வெள்ளைக்காரப் பெரியவரும் அவருடைய பேரனும் இருந்தார்கள். பையனுக்கு எட்டு வயது இருக்கலாம். பெரியவர் முழங்காலில் ஒரு காகிதத்தை விரித்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் பென்சிலால் குறித்துவந்தார். நம்மைப் புதியவர் என்று கண்டுகொண்டு தாமாகவே பேச்சுக் கொடுத்தார். பேப் ரூத் என்ற மகா ஆட்டக்காரரை இக்கோஷ்டியார் 1919-ம் வருஷக் கடைசியில் நியூயார்க் கோஷ்டிக்கு 1,00,000 டாலருக்கு விற்றுவிட்ட கதையைச் சொன்னார். 1918-ல் பெற்ற வெற்றிக் கொடிக்குப் பிறகு அடுத்த கொடிக்காக 86 வருஷம் காத்திருந்தார்களாம்.

"2004-ல் நாங்கள் ஜெயித்தோம்! மறுநாள் காலையில் என் தகப்பனாரின் கல்லறைக்குப் போய் அவரிடம் சொல்லிவிட்டு வந்தேன்" என்றார். சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

இதற்குள் பேரன் எதிர்ப்புறத்துக் கூரையைச் சுட்டிக் காட்டினான். வலது பக்கத்துக் கூரையின் முகப்பில் பெரிய இலக்கங்கள் வரிசையாகத் தெரிந்தன. கோஷ்டியின் புகழ்பெற்ற ஆட்டக்காரர்கள் அணிந்த எண்கள் அவை. இனி எவருக்கும் கொடுக்கப்படமாட்டா. டெட் வில்லியம்ஸின் 9 அங்கே இருக்கிறது. எல்லாம் சிவப்பு. ஒன்று மட்டும் நீலம்: 42.

"தாத்தா, அது ஏன் நீலமாக இருக்கிறது?"

"அது ஜாக்கி ராபின்ஸனுடைய நம்பர். அவர் நம்முடைய கோஷ்டியில் ஆடவில்லை. புரூக்ளின் கோஷ்டியில் ஆடினார். அவர்களுடைய நிறம் நீலம்."

"அவர் ஏன் நம்மிடம் ஆடவில்லை?"

பெரியவர் பென்சிலைக் கீழே வைத்தார்.

"இதே மைதானத்துக்கு அவர் வந்தார். நன்றாகத்தான் அடித்துக் காட்டினார். நாம் அவரைக் கூப்பிடவில்லை."

"ஏன்?"

"அவர் கறுப்பு மனிதர் என்பதற்காக."

பையன் சிறிது நேரம் அந்த நீல இலக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். "நீங்கள் அப்போது இருந்தீர்களா, தாத்தா?" என்றான்.

"நான் பிறக்கவே இல்லை. இருந்தாலும் நாம்தான் கூப்பிடவில்லை."

பெரியவர் சுருக்கமாகச் சொன்னதன் விவரம் வருமாறு. 1945-ம் வருஷம் ஏப்ரல் 16-ந் தேதி ஜாக்கி ராபின்ஸன், ஸாம் ஜெத்ரோ, மார்வின் வில்லியம்ஸ் என்னும் மூன்று கறுப்பு ஆட்டக்காரர்கள் இந்த மைதானத்தில் பரீட்சிக்கப்பட்டார்கள். அது கோஷ்டியார் மனமுவந்து அளித்த சந்தர்ப்பம் அல்ல. ஞாயிற்றுக்கிழமைகளில் ஆட்டம் நடத்த நகரசபையின் அனுமதி தேவையாக இருந்தது. கறுப்பு மக்களுக்கு வாசல் திறக்காவிட்டால் அனுமதிக்கு உடன்படமாட்டேன் என்று ஐஸடோர் மச்னிக் என்ற நகரசபை அங்கத்தினர் எச்சரித்தார். வெண்டெல் ஸ்மித் என்ற கறுப்புப் பத்திரிகையாளர் மூவரையும் அழைத்துவந்தார். பரீட்சை நடந்தது. பரீட்சையின் முடிவு மட்டும் வெளிவரவேயில்லை. உபாத்தியாயர் தொழிலில் இதைவிடப் பெரிய பாவம் இல்லை என்பது நம் அபிப்பிராயம்.

சரியாக இரண்டு வருஷத்துக்கு ஒரு நாள் குறைய, 1947-ம் வருஷம் ஏப்ரல் 15-ந் தேதி, ராபின்ஸன் புரூக்ளின் டாட்ஜர்ஸ் கோஷ்டியின் சார்பில் பெரிய லீக்கில் இறங்கினார். அவ்வருஷமே சிறந்த புதிய ஆட்டக்காரர் என்ற பரிசு அவருக்குக் கிடைத்தது. 1949-ல் தம்முடைய லீக்கின் தலைசிறந்த ஆட்டக்காரரானார். மற்றக் கோஷ்டிகள் ஒவ்வொன்றாகக் கதவைத் திறந்தன. பெரிய லீக்குகளின் கோஷ்டிகள் அனைத்திலும் கடைசியாகத் திறந்தது தாமஸ் யாக்கியின் ரெட் ஸாக்ஸ். 1959-ம் வருஷம் ஜூலை மாதத்தில் பம்ஸி க்ரீன் என்ற கறுப்பு இளைஞர் அதில் ஆடினார். அதற்குள் ராபின்ஸன் தமது ஆட்டத்தை முடித்துக்கொண்டு ஓய்வே பெற்றுவிட்டார். ரூத்தை விற்றதால் வந்த சாபம் என்று 86 வருஷம் புலம்பியவர்கள், ராபின்ஸனை வாங்காததையும் கொஞ்சம் சேர்த்து எண்ணியிருக்கலாம். 1997-ல் 42 என்ற எண் எல்லாக் கோஷ்டிகளிலும் அவருக்கே உரியதாக ஒதுக்கப்பட்டது. அவரைக் கூப்பிடாத இந்த மைதானத்திலும் அது ஏறி உட்கார்ந்துவிட்டது.

ஜோஷ் கிப்ஸன் என்பவருக்கு அந்த அளவு அதிர்ஷ்டமும் இல்லை. கறுப்பு மக்களுக்கென்று தனியாக நடந்த 'நீக்ரோ லீக்கு'களில் அவர் பெரும் புகழ் பெற்றவர். ராபின்ஸனுக்குக் கதவு திறப்பதற்கு மூன்று மாதத்துக்கு முன், 1947 ஜனவரியில், 35-வது வயதில் இறந்துபோனார். டெட் வில்லியம்ஸ் 1966-ல் பேஸ்பால் பெருமக்கள் மண்டபத்தில் தமக்கு அளிக்கப்பட்ட கௌரவத்தை ஏற்றுப் பேசியபோது, சந்தர்ப்பமே அளிக்கப்படாத காரணத்தால் இடம் பெறாமல் போன ஸாட்சல் பேஜும் ஜோஷ் கிப்ஸனும் அங்கே சேர்க்கப்படவேண்டும் என்று கேட்டுக்கொண்டார். பேஜ் 1971-லும் கிப்ஸன் 1972-லும் சேர்க்கப்பட்டார்கள். 2024-ல்தான் 1920 முதல் 1948 வரை நடந்த நீக்ரோ லீக்குகளின் கணக்குகள் பெரிய லீக்குகளின் கணக்கோடு ஒன்றாக்கப்பட்டன. வாழ்நாள் முழுவதற்குமான அடி விகிதத்தில் டை காப் வகித்துவந்த முதல் ஸ்தானம், அன்றைக்கு ஆயிரத்துக்கு 372 என்ற கணக்கோடு கிப்ஸனைச் சேர்ந்தது. அவர் இறந்து 77 வருஷம் ஆகியிருந்தது. கணக்குத் திருந்தியது, அவர் ஆடாமற்போன ஆட்டங்களை யார் ஆடுவது?

நாம் மைதானத்துக்குத் திரும்புவோம். எட்டாவது இன்னிங்ஸின் நடுவில் ஜனங்கள் அனைவரும் எழுந்து நின்று 'ஸ்வீட் கரோலைன்' என்ற பாட்டைப் பாடினார்கள். ராகமும் தாளமும் அவரவர் சௌகரியப்படி இருந்தன. ஆனால் 37,000 தொண்டைகள் ஒன்றானால் அபஸ்வரத்துக்கும் ஒரு கம்பீரம் வந்துவிடுகிறது. பெரியவரும் பாடினார், பேரனும் பாடினான். நாம் வாயை மட்டும் அசைத்தோம். மனம் வேறிடத்தில் இருந்தது.

இங்கிலீஷில் 'வீ' என்று ஒரே சொல். தமிழில் நாங்கள் என்றும் நாம் என்றும் இரண்டு. கேட்பவனை விலக்கிப் பேசினால் 'நாங்கள்', சேர்த்துக்கொண்டால் 'நாம்'. பெரியவர் நம்மிடம் "வீ ஜெயித்தோம்" என்றபோது 'நாங்கள்' என்றும், பேரனிடம் "வீ கூப்பிடவில்லை" என்றபோது 'நாம்' என்றும் நாம் மேலே எழுதியிருக்கிறோம். வேறு விதமாக எழுத முடியவில்லை. எட்டு வயதுப் பையனை அந்தப் பிழையில் பங்காளியாக்கினாரே என்று ஒரு கணம் தோன்றிற்று. ஆனால் 2004-ம் வருஷத்து வெற்றியின்போதும் அந்தப் பையன் பிறக்கவில்லையே? அதில் அவனுக்குப் பங்கு உண்டென்றால் இதிலும் உண்டு. ஆஸ்தியை மட்டும் வைத்துக்கொண்டு கடனைத் தள்ளிவிடுகிற வாரிசைக் கோர்ட்டிலும் ஒப்புக்கொள்வதில்லை.

நம் தேசத்தில் 'நாம்' என்ற சொல்லைப் பெருமையான காரியங்களுக்கே எடுக்கிறோம். நாம் கோபுரம் கட்டினோம். நாம் கடல் கடந்து வாணிபம் செய்தோம். நாம் சுயராஜ்யம் பெற்றோம். மதுரை மீனாட்சியம்மன் கோவிலுக்குள் ஹரிஜனங்களை அழைத்துச் சென்ற வைத்தியநாதய்யரின் தீரத்தைப் பேசும்போதும் "நாம் கதவைத் திறந்தோம்" என்கிறோம். அது நடந்தது 1939-ம் வருஷம் ஜூலை 8-ந் தேதி. அதற்கு முன் எத்தனையோ நூற்றாண்டு அந்தக் கதவைச் சாத்தி வைத்திருந்தவர்கள் யார் என்று கேட்டால், "அந்தக் காலத்தில் அப்படி வைத்திருந்தார்கள்" என்று விடை வருகிறது. திறந்தது 'நாம்', சாத்தியது 'அவர்கள்'. வகுப்பில் நாமும் இப்படித்தான் பாடம் சொல்லி வந்திருக்கிறோம். இலக்கணப்படி அதில் தவறில்லை என்பதால் இதுவரையில் கவனிக்கவில்லை.

ஒன்பதாவது இன்னிங்ஸ் வந்தது. இரு பக்கமும் மூன்று ரன். எதிர்க் கோஷ்டியார் மட்டையைப் பிடித்தார்கள். மூன்றாவது பேஸில் ஒருவர் நிற்க, சாதாரணமான ஒரு பந்து தரையோடு உருண்டு வந்தது. உள்ளூர் ஆட்டக்காரர் ஒருவர் குனிந்தார். பந்து கைக்கும் காலுக்கும் நடுவே புகுந்து போய்விட்டது. நின்றவர் வீடு வந்து சேர்ந்தார். மைதானம் முழுவதும் 'ஐயோ' என்ற ஒரே பெருமூச்சு. அந்த ஒரு ரன்தான் உள்ளூராரைத் தோற்கடித்தது.

நாம் பச்சைச் சுவரைப் பார்த்தோம். சிறிது நேரத்தில் 'ஈ' என்ற பத்தியில் ஒரு தகடு மாறிற்று. உள்ளேயிருந்து அதை மாட்டிய கை நமக்குத் தெரியவில்லை. அதுவும் உள்ளூர்க் கைதானே?

பையனுக்குக் கண்ணில் நீர் முட்டியது. "அதை எழுத வேண்டாம், தாத்தா" என்றான். பெரியவர் ஒன்றும் பேசாமல் பென்சிலை அவன் கையில் கொடுத்து, எழுதவேண்டிய கட்டத்தை விரலால் காட்டினார். பையன் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, தன் கோணல் எழுத்தில் 'ஈ' என்று போட்டான்.

விளக்குகள் ஒவ்வொன்றாக அணைந்தன. கூட்டத்தோடு நாமும் வெளியே வந்து ஜெர்ஸி தெருவில் நடந்தோம்.

"நம் ஆட்கள் தோற்றுவிட்டார்களே, ஸார்! நீங்கள் வந்த நாளில் இப்படியா ஆகவேண்டும்?" என்று மாணாக்கன் வருத்தப்பட்டான்.

பாதகமில்லை என்றோம். பையில் மீதி இருந்த வேர்க்கடலையை இருவரும் பங்கிட்டுக்கொண்டோம். ஊர் திரும்பியதும் சரித்திர வகுப்பில் கரும்பலகையின் ஓரத்தில் ஒரு பத்தி அதிகமாகக் கோடு போட்டுவைக்க வேண்டும் என்று எண்ணிக்கொண்டே ரயில் நிலையத்தின் படிகளில் இறங்கினோம்.